குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் ஒரு பாடம்

‘குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்தால் அறை குளிருமா?’ வெப்பம் பற்றிய பாடத்தில் இவ்வினாவைக் கேட்டுப் பாருங்கள். ‘குளிரும்’ என்றே பல மாணவர்கள் கூறுவர். பெட்டி குளிரை உண்டாக்குகிறது என்ற எண்ணமே இதற்குக் காரணம். உண்மையில் அது உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே விடுகிறது. வெப்பம் வெளியேறும் வழி அடைபட்டால் உள்ளே குளிர்ச்சி குறையும். இதைத் தெளிவாக உணர்த்தும் எடுத்துக்காட்டு, ‘மோட்டார் ஹோம்’ எனப்படும் வீட்டு வண்டிகளில் கிடைக்கிறது.

ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் பலர் விடுமுறைப் பயணத்திற்கு இவ்வண்டிகளைப் பயன்படுத்துகின்றனர். படுக்கை, சமையல் மேடை, குளிர்சாதனப் பெட்டி அனைத்தும் வண்டிக்குள்ளேயே இருக்கும். மின்இணைப்பு இல்லாத இடத்திலும் இயங்க வேண்டும் என்பதால், பல வண்டிகளில் எரிவாயுவாலும் இயங்கும் உறிஞ்சல் வகைப் பெட்டியைப் பொருத்துகின்றனர். சுவீடன் நாட்டில் தொழில்நுட்ப மாணவர்களாக இருந்த பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் ஆகிய இருவரும் 1922இல் உருவாக்கிய முறை இது.

நெருப்பு எவ்வாறு குளிரூட்டும்? அம்மோனியா கலந்த நீரைச் சுடர் சூடாக்குகிறது. பிரியும் அம்மோனியா ஆவி, பெட்டியின் பின்புறமுள்ள குழாயில் வெப்பத்தை இழந்து திரவமாகிறது. அத்திரவம் ஹைட்ரஜன் வாயு உள்ள குழாயில் மீண்டும் ஆவியாகும்போது, உணவுப் பொருள்களின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. பின்னர் நீர் அந்த அம்மோனியாவை உறிஞ்ச, சுழற்சி தொடர்கிறது. உணவிலிருந்து எடுத்த வெப்பமும் சுடர் தந்த வெப்பமும் சேர்ந்து பின்புறமாகவே வெளியேற வேண்டும்.

இதற்காக வண்டியின் பக்கச் சுவரில் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரு காற்றுத் திறப்புகள் உள்ளன. சூடான காற்று மேல் திறப்பு வழியே வெளியேற, குளிர்ந்த காற்று கீழ்த் திறப்பு வழியே நுழைகிறது. இது நாம் கற்பிக்கும் வெப்பச்சலனமே. கோடையில் வெளிக்காற்றே சூடாக இருப்பதால் குழாய் எளிதில் வெப்பத்தை இழப்பதில்லை. அப்போது உணவுக்குத் தேவையான 5 டிகிரி செல்சியஸ் கிடைக்காமல் பாலும் இறைச்சியும் கெடும். பயணத்தில் இன்சுலின் வைத்திருப்பவர்க்கு இது உடல்நலச் சிக்கலாகவும் ஆகும்.

இங்குதான் மின்விசிறி உதவுகிறது. கணினியில் உள்ளது போன்ற 12 வோல்ட் சிறு விசிறிகளை மேல் திறப்பின் அருகே, காற்றை வெளியே தள்ளுமாறு பொருத்துகின்றனர். வெப்பநிலை உயர்ந்தால் மட்டும் அவை சுழலத் தானியங்கிச் சுவிட்சு உண்டு. காற்று எரிவாயுச் சுடரை அணைத்துவிடாதபடி கவனம் தேவை. பெட்டிக்கும் சுவருக்கும் இடையே இடைவெளி மிகுதியானால், காற்று குழாயைத் தொடாமலே மேலே போய்விடும். எனவே தகடு வைத்துக் காற்றைக் குழாயின் பக்கம் திருப்பிவிட வேண்டும். வழியைச் சரிசெய்யாமல் விசிறியை மட்டும் கூட்டினால் பயன் குறைவு.

உயர்நிலை வகுப்பில் இதையே கணக்காக்கலாம். ஒரு விசிறிக்கு 0.2 ஆம்பியர் எனக் கொண்டால், இரண்டு விசிறிகளின் திறன் 12 × 0.4 = 4.8 வாட். 10 மணி நேரம் ஓடினாலும் 48 வாட்-மணி மட்டுமே.

தொடக்க வகுப்புகளுக்கு ஒரு செயல்பாடு: பெரிய தகர டப்பாவின் பக்கத்தில் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரு துளைகள் இட்டு, உள்ளே மெழுகுவத்தியை ஏற்றி மூடுங்கள். கீழ்த் துளையருகே ஊதுவத்தியைக் காட்டினால் புகை உள்ளே இழுக்கப்படும். மேல் துளையை மூடினால் அந்த இழுப்பு குறையும். மின்கலத்தில் ஓடும் சிறு விசிறியை மேல் துளையில், காற்றை வெளியே இழுக்குமாறு வைத்தால் புகை விரைந்து செல்லும். நெருப்பை ஆசிரியரே கையாள வேண்டும்.

அன்று மாலை, தம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உள்ள குளிர்சாதனப் பெட்டி சுவரை ஒட்டி நிற்கிறதா, பின்னால் துணியோ பையோ செருகப்பட்டுள்ளதா எனப் பெரியவர் துணையோடு மாணவர்கள் பார்த்து வரட்டும். மறுநாள் முதல் வினாவை மீண்டும் கேளுங்கள். ‘வெப்பம் எங்கே போகும், ஐயா?’ என்று ஒரு மாணவர் திருப்பிக் கேட்டால், பாடம் புரிந்துவிட்டது என்று பொருள்.