தோழியுடன் இரண்டு நாள்: உடலுக்கு ஓய்வு தரும் பயணம்

சனிக்கிழமை விடியுமுன் வண்டி ஏறி, பட்டியல் போட்ட இடங்களையெல்லாம் பார்த்துவிட்டு, ஞாயிறு நள்ளிரவில் வீடு திரும்புபவர்கள் திங்கட்கிழமை காலை கூடுதல் களைப்போடுதான் வேலைக்குப் போகிறார்கள். ஓய்வுக்காகப் போகும் பயணத்தில் ஓய்வுக்கே முதல் இடம் ஒதுக்க வேண்டும். அதை உடன் வருபவரோடு கிளம்பும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் இரண்டு தோழிகளை மனதில் வைத்து இங்கே சொல்லப்படுபவை, எந்த நண்பர்களுக்கும் எந்த ஊருக்கும் பொருந்தும்.

உடல் ஏன் ஓய்வு கேட்கிறது?

உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல் என்கிறது அது. சமையல், பிள்ளைகளின் படிப்பு, வயதான பெற்றோரைக் கவனிப்பது எல்லாம் இந்தக் கணக்கில் வரவில்லை. அவற்றையும் சுமக்கும் பெண்களின் நிலையை நாமே எண்ணிப் பார்க்கலாம்.

இரைச்சலும் ஒரு சுமைதான். நம் நாட்டின் ஒலி மாசு விதிகள் (2000) குடியிருப்புப் பகுதிகளில் இரவில் 45 டெசிபலுக்கு மேல் ஒலி கூடாது என்கின்றன. பெரிய சாலையோரம் குடியிருப்பவர்களுக்கு அந்த அமைதி எளிதில் கிடைப்பதில்லை. வண்டிச் சத்தத்துக்கு நாம் கண் விழிக்காவிட்டாலும், தூக்கத்திலேயே இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சற்று ஏறி இறங்குகின்றன.

மூன்றாவது, தனிமை. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2025-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. சுற்றிலும் ஆட்கள் இருந்தும் மனம்விட்டுப் பேச ஆளில்லாத தனிமையும் இதில் அடங்கும். தோழியோடு இரண்டு நாள் போய்வருவது ஆடம்பரம் என்று தயங்குபவர்கள் இதை நினைத்துப் பாருங்கள். இரண்டு நாள் வீட்டுப் பொறுப்பை மற்றவர்கள் ஏற்கட்டும். குற்ற உணர்வை மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டாம்.

எது உண்மையான ஓய்வு?

ஜெர்மனியைச் சேர்ந்த உளவியலாளர் சபீன் சொன்னென்டாக், சார்லட் ஃபிரிட்ஸுடன் சேர்ந்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில், களைத்த மனம் மீள்வதற்கு நான்கு அனுபவங்களைக் குறிப்பிட்டார்: வேலை நினைப்பிலிருந்து விலகுவது, உடலும் மனமும் தளர்வது, புதிதாக ஒன்றைச் செய்து பார்ப்பது, நேரம் நம் கையில் இருப்பது.

பயணத் திட்டத்தை இந்த நான்கோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். அலுவலக வாட்ஸ்அப் குழு திறந்திருந்தால் முதலாவது போயிற்று. மணிக்கொரு இடம் என்று ஓடினால் இரண்டாவதும் நான்காவதும் போயின. ஒரு நாளுக்கு ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மற்ற நேரத்தை எழுதாமல் விடுங்கள். புதிய முயற்சிக்கு ஒரு சிறு நோட்டும் பென்சிலும் போதும். பழைய வீட்டு வாசல் ஒன்றை இருவரும் வரைந்து பாருங்கள்.

வெள்ளி மாலையே கிளம்புங்கள்

புது இடத்தில் முதல் நாள் சரியாகத் தூக்கம் வராது என்பது அனுபவத்தில் எல்லோரும் அறிந்ததே. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் இதற்கான காரணத்தைக் காட்டினார்கள். முதல் இரவில் மூளையின் இடப் பாதி முழு ஆழத்துக்குத் தூங்காமல், காவல் இருப்பதுபோல் விழிப்போடு இருக்கிறது. சனிக்கிழமை போய் ஒரே இரவு தங்கினால் அந்த அரைத் தூக்கம் மட்டுமே மிஞ்சும். வெள்ளி இரவே போய்ச் சேர்ந்தால் சனி இரவு நன்றாகத் தூங்கலாம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி சுமார் 150 கிலோமீட்டர். காரில் போனால் வழியில் ஒருமுறையாவது நிறுத்தி, ஐந்து நிமிடம் கால் வீசி நடங்கள். அறையை முன்பதிவு செய்யும்போது, சாலையைப் பார்க்காத, லிஃப்டுக்குத் தள்ளியுள்ள அறையாகக் கேளுங்கள். பழகிய தலையணை உறையும் மெல்லிய போர்வையும் கையோடு இருந்தால் புது இடத்தின் அந்நியம் சற்றுக் குறையும்.

அமைதி எங்கே, எப்போது?

வார இறுதிகளில் புதுச்சேரியில் கூட்டம் உண்டு. நேரம் பார்த்து நடந்தால் அமைதியும் உண்டு. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வாகனங்களுக்கு அனுமதியில்லை. சனி மாலை அங்கே நெரிசல் இருக்கும். ஞாயிறு காலை 6 மணிக்கு மேல் போங்கள். ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அந்தச் சாலையை இரண்டு முறை போய்வந்தால் ஒரு மணி நேர நடையாகிவிடும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்ற பரிந்துரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிலேயே கிடைத்துவிடும். அங்கே கரை பெரும்பாலும் பாறைகளால் ஆனது. கடலில் இறங்க வேண்டாம்.

வெயில் ஏறியதும் நிழலுக்குப் போகலாம். பாரதி பூங்கா இருக்கிறது. 1826-ல் தொடங்கிய தாவரவியல் பூங்கா இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் சமாதி முற்றத்தில் யாரும் பேசுவதில்லை. கைப்பேசியை அணைத்துவிட்டு அரைமணி நேரம் அங்கே உட்காரலாம். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. 1908 முதல் 1918 வரை அவருக்கு அடைக்கலம் தந்த ஊர் இது. ஒரு நாளுக்கு இவற்றில் ஒன்று போதும். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சுக்கும் மௌனத்துக்கும் உடன்பாடு

நெருங்கிய தோழிகளுக்குள்ளும் ஓய்வின் தேவை வேறுபடும். ஒருவருக்குப் பேசித் தீர்க்க வேண்டும், இன்னொருவருக்குப் படுத்துத் தூங்க வேண்டும். எழும் நேரம், செலவு, ஒரே அறையா தனி அறையா என்பதைக் கூச்சமில்லாமல் முன்பே பேசுங்கள். தினமும் மதியம் ஒரு மணி நேரம் ஆளுக்கொரு மூலையில் இருப்பது என்று வைத்துக்கொண்டால் யார் மனமும் நோகாது. வீட்டாருக்கு மதியம் ஒன்று, இரவு ஒன்று என இரண்டே அழைப்புகள்.

மௌனத்துக்கும் உடல் பதில் சொல்கிறது. இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டி இசை கேட்பவர்களின் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் அளந்தார். நடுவில் இரண்டு நிமிடம் இசையை நிறுத்தியபோது அவர்களின் உடல் மிகவும் தளர்ந்தது. 2006-ல் வெளியான இந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் 24 பேர்தான் என்றாலும், நமக்கு அது தரும் குறிப்பு பயனுள்ளது.

சாப்பாடு, காபி, மது

- இரவு உணவைப் படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடியுங்கள்.
- காபியில் உள்ள காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே சுமார் ஐந்து மணி நேரமாகும். கடைசிக் காபி மதியம் 2 மணிக்குள் இருக்கட்டும்.
- நீரிழிவு உள்ளவர்கள் பேக்கரிப் பண்டங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.
- புதுச்சேரிக்கு மதுவுக்காகவே போகிறவர்கள் பலர். மது சீக்கிரம் தூங்க வைக்கும், ஆனால் பின்னிரவுத் தூக்கத்தைக் கலைத்துவிடும். ஓய்வு வேண்டுமானால் அதைத் தவிர்ப்பதே நல்லது. குடித்தவர் வண்டியைத் தொடவே கூடாது.

பையில் இருக்க வேண்டியவை

வழக்கமான மாத்திரைகளை ஒரு நாளுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டின் படம் கைப்பேசியில் இருக்கட்டும். இன்சுலினை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடாதீர்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், தண்ணீர் பாட்டில், தொப்பி, பழகிய செருப்பு ஆகியவை வேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரை போனால் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 5 மணிக்குப் பின்பும் மட்டும் நடங்கள்.

தோழி கவனிக்க வேண்டியவை

ஒரே அறையில் தங்கும் தோழி, நமக்கே தெரியாததைக் கவனிக்க முடியும். பலத்த குறட்டைக்கு நடுவே மூச்சு சில விநாடி நின்று, திணறலோடு மீள்கிறதா? அது தூக்க மூச்சுத்தடையாக இருக்கலாம், மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ வழக்கத்துக்கு மாறான மூச்சு வாங்கலோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108-ஐ அழைக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் ஈடுபாடில்லை, தூக்கமில்லை, அழுகை வருகிறது என்று இருவரில் ஒருவர் சொன்னால் அதற்குப் பயணம் மட்டும் மருந்தாகாது. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.

திரும்பும் முன்

ஞாயிறு மதியச் சாப்பாட்டை முடித்ததும் கிளம்பிவிடுங்கள். மாலை நெரிசலுக்கு முன் வீடு சேர்ந்து, வழக்கமான நேரத்தில் படுத்தால்தான் பெற்ற ஓய்வு திங்கட்கிழமைக்கு உதவும். விடுமுறையின் புத்துணர்ச்சி வேலைக்குத் திரும்பிய சில நாட்களிலேயே தேயத் தொடங்கிவிடுகிறது. ஆண்டுக்கொரு பெரிய சுற்றுலாவை மட்டும் நம்பியிராமல், சில மாதங்களுக்கு ஒருமுறை இப்படிச் சிறிய ஓய்வு எடுப்பது நல்லது. அடுத்த தேதியை இருவரும் இப்போதே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். ரத்தப் பரிசோதனைக்கு நாள் குறித்தால் தள்ளிப்போடக் கூடாது என்று சொல்வோமே, அதே உறுதி இதற்கும் வேண்டும்.