கிளம்ப மறுக்கும் 'மலை பைக்'! சுவிட்சை அமுக்கும் முன் சத்தத்தை கேளுங்கள்!!

தண்ணீரில் நின்ற வண்டியை தொடவே தொடாதீர்கள்

புதுவை-

லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய மோட்டார் சைக்கிள். மலை ஏறும். மணலில் ஓடும். ஓடையில் இறங்கி கரை ஏறும்.

ஆனால் காலையில், சொந்த வீட்டு வாசலில், "கிளம்ப மாட்டேன்" என்று அடம் பிடித்தால்?

சொந்தக்காரர் சுவிட்சை அமுக்குவார். மறுபடியும் அமுக்குவார். பத்து தடவை அமுக்குவார்.

"என்ன தம்பி, பெட்ரோல் இருக்கா?" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். "தள்ளுங்கண்ணே, பிடிச்சுக்கும்" என்பான் எதிர்வீட்டுப் பையன். ஆளுக்கு ஒரு யோசனை. கடைசியில் வண்டி கிளம்பாது. பேட்டரி தான் தீரும்.

இப்படி நிற்கும் வண்டிகளில் பல, பழுதான வண்டிகளே அல்ல! வண்டி வேண்டும் என்றே மறுக்கிறது. ஏன் மறுக்கிறது என்று கண்டுபிடிக்க 5 நிமிடம் போதும்.

கருவடிக்குப்பம்

புதுவையில் சித்தானந்த சுவாமி கோவிலும், பாரதியார் பெயரோடு சேர்ந்த குயில் தோப்பும் உள்ள இடம் கருவடிக்குப்பம். ஒரு பக்கம் லாஸ்பேட்டை. இன்னொரு பக்கம் கிழக்கு கடற்கரை சாலை.

சனி, ஞாயிறு வந்துவிட்டால் சென்னையில் இருந்து பெரிய பெரிய பைக்குகள் இந்த சாலை வழியாகத்தான் புதுவைக்கு வருகின்றன. 'அட்வெஞ்சர் பைக்' என்று சொல்கிறார்கள். உயரமான வண்டி. நீளமான ஷாக் அப்சார்பர். கரடுமுரடான பாதைக்கு என்றே செய்தது.

இந்த ரகத்தை நம் ஊர் வாலிபர்களிடம் பிரபலமாக்கியது ராயல் என்பீல்டு 'ஹிமாலயன்'. 2016-ல் 411 சி.சி. என்ஜினோடு வந்தது. 2023-ல் 452 சி.சி. என்ஜினோடு புது ஹிமாலயன் வந்தது. நடுவில் 2019-ல் ஹீரோ 'எக்ஸ்பல்ஸ்', 2020-ல் கே.டி.எம். 390 அட்வெஞ்சர் என்று வரிசையாக வந்தன.

கிக்கர் எங்கே?

அந்தக் கால புல்லட்டை நினைத்துப் பாருங்கள். 1955-ல் தொடங்கிய என்பீல்டு இந்தியா கம்பெனி, சென்னை திருவொற்றியூரில் செய்த வண்டி.

அதை கிளப்புவதே ஒரு வித்தை. 'ஆம்ப்' மீட்டர் முள்ளை பார்க்க வேண்டும். 'டீகம்ப்ரஷன்' கம்பியை பிடிக்க வேண்டும். கிக்கரை மெல்ல இறக்கி, பிறகு ஓங்கி மிதிக்க வேண்டும். தப்பாக மிதித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். முழங்கால் வீங்கும்.

ஆனால் பேட்டரி பலவீனமாக இருந்தாலும் மிதித்து மிதித்து கிளப்பி விடலாம்.

ஹிமாலயனுக்கு கிக்கரே கிடையாது. முதலில் கார்புரேட்டர் இருந்தது. 2017-ல் அதற்கு பதிலாக, பெட்ரோலை பீய்ச்சி அடிக்கும் 'இஞ்செக்‌ஷன்' வந்தது. டாங்குக்குள் மின்சார பம்ப். சீட்டுக்கு அடியில் ஒரு குட்டி கம்ப்யூட்டர். சுற்றிலும் சென்சார்கள்.

எல்லாமே மின்சாரத்தில் ஓடுகின்றன. ஆகவே பழைய வண்டிக்கு கால் பலம் வேண்டும். புது வண்டிக்கு காது வேண்டும்!

மூன்று சத்தம்

சாவியை போடுங்கள். ஸ்டார்ட்டர் சுவிட்சை ஒரே ஒரு முறை அமுக்குங்கள். காதை தீட்டிக் கொள்ளுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

ஒன்று: சத்தமே வராது.

இரண்டு: 'டக் டக்' என்று மட்டும் கேட்கும்.

மூன்று: என்ஜின் 'கிர் கிர்' என்று சுற்றும். ஆனால் பிடிக்காது.

மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. வைத்தியமும் வேறு வேறு.

சத்தமே இல்லையா?

மீட்டரில் விளக்கு எரிகிறது. சுவிட்சை அமுக்கினால் மட்டும் மவுனம். பயப்பட வேண்டாம். முதலில் வலது கைப்பிடியில் உள்ள சிவப்பு சுவிட்சை பாருங்கள். அதன் பெயர் 'கில் சுவிட்ச்'. வாசலில் விளையாடும் பிள்ளைகள் தட்டி விட்டிருக்கலாம். கிளவுஸ் போட்ட கை தெரியாமல் பட்டிருக்கலாம். அதை தட்டிவிட்டால் கோளாறு தீர்ந்தது.

அடுத்து சைடு ஸ்டாண்டு. ஸ்டாண்டு கீழே இருந்து, கியரும் விழுந்திருந்தால் என்ஜின் ஓடாது. மறந்து போய் ஸ்டாண்டோடு கிளம்பி விழக்கூடாது என்பதற்காக வைத்த காவல் இது.

ஸ்டாண்டை மடக்கியும் கிளம்பவில்லையா? ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. சேறு முதலில் அடிப்பது அங்கேதான். கருவடிக்குப்பத்தில் கடல் காற்றும் சேர்ந்து கொள்கிறது. உப்பு படிந்து உள்ளே பச்சை பூத்துவிடும். ஸ்டாண்டு மேலே இருக்கும். சுவிட்ச் மட்டும் "கீழே இருக்கிறது" என்று பொய் சொல்லும்! நன்றாக கழுவி, துடைத்து, நாலைந்து முறை ஸ்டாண்டை ஏற்றி இறக்கினால் பல வண்டிகள் வழிக்கு வந்துவிடும்.

மூன்றாவது கிளட்ச். வண்டியை நியூட்ரலில் போட்டு, கிளட்ச்சையும் முழுசாக பிடித்துக்கொண்டு அமுக்குங்கள். அதற்கும் ஒரு சுவிட்ச் உண்டு.

வண்டி கீழே சாய்ந்ததா?

மணலில் வண்டி சரிந்தது. தூக்கி நிறுத்தியாகிவிட்டது. ஆனால் கிளம்பவில்லை.

இதுவும் பழுது அல்ல. வண்டி சாய்ந்தால் என்ஜினை நிறுத்த ஒரு சென்சார் பல வண்டிகளில் இருக்கிறது. கீழே விழுந்த வண்டி ஓடிக்கொண்டே இருந்தால் தீப்பிடிக்கலாம் என்பதற்காக வைத்தது. சாவியை அணைத்து, சில வினாடி பொறுத்து, மறுபடி போட்டால் சென்சார் சமாதானம் ஆகிவிடும்.

'டக் டக்' என்றால்?

இது பேட்டரி விவகாரம். மீட்டர் விளக்கு எரிவதற்கு கொஞ்சம் மின்சாரம் போதும். என்ஜினை சுற்ற நிறைய வேண்டும்.

முதலில் பேட்டரி முனைகளை அசைத்துப் பாருங்கள். குண்டும் குழியுமான பாதையில் குலுங்கிக் குலுங்கி திருகாணி தளர்ந்திருக்கும். முறுக்கினால் சரி ஆகிவிடும். வெள்ளையாக, பச்சையாக பூத்திருந்தால் சுரண்டி சுத்தம் செய்யுங்கள்.

மல்டி மீட்டர் இருந்தால் வைத்துப் பாருங்கள். சும்மா நிற்கும் வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நல்ல நிலை. 12-க்கு கீழே போனால் சார்ஜ் ஏற்ற வேண்டும். வண்டி ஓடும்போது சுமார் 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கோளாறு பேட்டரியில் இல்லாமல் சார்ஜ் ஏற்றும் பகுதியில் இருக்கலாம்.

பேட்டரியை தின்பது யார்? பல வீடுகளில் சொந்தக்காரரே! கூடுதல் லைட் இரண்டு, போன் சார்ஜர், ஹாரன் என்று ஆசைப்பட்டு மாட்டுகிறார்கள். அவற்றை சாவியோடு அணையும்படி இணைக்காமல், நேரடியாக பேட்டரியில் கட்டிவிடுகிறார்கள். இரவு முழுவதும் சொட்டுச் சொட்டாக மின்சாரம் போகிறது.

தள்ளினால் கிளம்புமா?

பேட்டரியில் கொஞ்சம் உயிர் இருந்தால் கிளம்பலாம். இரண்டாவது கியரில் தள்ளி, வேகம் வந்ததும் கிளட்ச்சை விட வேண்டும்.

பேட்டரி அடியோடு செத்துவிட்டால் தள்ளியும் பயன் இல்லை. பெட்ரோல் பம்ப்பும் கம்ப்யூட்டரும் மின்சாரம் இல்லாமல் எழுந்திருக்காது. வேர்வை தான் மிச்சம். அதுவும் லாரியும் பஸ்சும் பறக்கும் கிழக்கு கடற்கரை சாலையில் தள்ளிப் பார்க்கவே கூடாது. ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள்.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை!

இதுதான் மூன்றாவது ரகம். என்ஜினுக்கு வேண்டியது மூன்றே பொருள்: பெட்ரோல், காற்று, நெருப்புப் பொறி. இதில் ஒன்று குறைகிறது.

சாவியை போட்டதும் டாங்க் பக்கம் காதை வையுங்கள். 'உஸ்ஸ்...' என்று இரண்டு மூன்று வினாடி சத்தம் கேட்க வேண்டும். பம்ப் ஓடும் சத்தம் அது. கேட்கவில்லை என்றால் பியூசை பாருங்கள்.

பியூஸ் போயிருந்தால் அதே அளவு ஆம்பியர் உள்ள புது பியூஸ் தான் போட வேண்டும். சிகரெட் பெட்டி தாளை சுருட்டி வைப்பது, செம்புக் கம்பியை கட்டுவது எல்லாம் கூடவே கூடாது. பெட்ரோல் டாங்குக்கு கீழே தீயை வைப்பதும் அதுவும் ஒன்று. புது பியூசும் உடனே போனால் வயர் எங்கோ உரசுகிறது என்று அர்த்தம். மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

பம்ப் ஓடுகிறதா? பெட்ரோல் இருக்கிறதா என்று டாங்க் மூடியை திறந்தே பாருங்கள். மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். பழைய வண்டி போல 'ரிசர்வ்' திருப்பும் வசதி இதில் கிடையாது.

இன்னொரு விஷயம். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் தண்ணீரை இழுக்கும் குணம் உள்ளது. தண்ணீர் அதிகம் சேர்ந்தால் இரண்டும் சேர்ந்து டாங்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியில் இருந்துதான். மழையில் மாதக்கணக்கில் நின்ற வண்டியில் இந்த தொல்லை வரும். பழைய பெட்ரோலை இறக்கிவிட்டு புதிது ஊற்ற வேண்டும்.

கடைசியாக பிளக். கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் துடைத்து காய வையுங்கள். கரி பிடித்திருந்தால் மாற்றுங்கள். காற்று வடிகட்டியில் மண் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அந்த நவம்பர் இரவு

மேலே சொன்னதில் பலவற்றை தப்பாக செய்தாலும் நஷ்டம் சிறிதாகவே போகும். ஒரு தப்பு மட்டும் என்ஜினையே விழுங்கும்.

2024 நவம்பர் 30. பெஞ்சல் புயல் புதுவை அருகே கரையை கடந்த இரவு. ஒரே நாளில் 45 சென்டி மீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மறுநாள் கிருஷ்ணா நகர் பகுதியில் சில இடங்களில் 5 அடி வரை தண்ணீர். ராணுவம் வந்து மக்களை மீட்டது.

5 அடி தண்ணீர் என்றால், எவ்வளவு உயரமான மோட்டார் சைக்கிளின் என்ஜினும் முழுகிவிடும்.

தண்ணீர் வடிந்ததும் மனிதன் முதலில் செய்வது என்ன? "ஓடுதா பார்ப்போம்" என்று சுவிட்சை அமுக்குவது! அங்கேதான் ஆபத்து.

ஹிமாலயன் 411 என்ஜின் காற்றையும் பெட்ரோலையும் ஒன்பதரை மடங்கு இறுக்கி எரிக்கிறது. காற்று இறுகும். தண்ணீர் இறுகாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது சுவிட்சை அமுக்கினால் பிஸ்டன் மேலே வந்து முட்டி நிற்கும். பிஸ்டனை தாங்கும் 'கனெக்டிங் ராடு' வளைந்துவிடும். என்ஜினை பிரித்தே ஆக வேண்டும். செலவு பல ஆயிரங்களில் போகும்.

தண்ணீரில் நின்ற வண்டியா?

சாவியை போடாதீர்கள். தள்ளியும் கிளப்பாதீர்கள்.

பேட்டரியின் நெகடிவ் முனையை கழற்றுங்கள்.

காற்று வடிகட்டி பெட்டியை திறந்து பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் என்ஜினுக்குள்ளும் தண்ணீர் போயிருக்கலாம்.

ஆயிலை பாருங்கள். பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது.

இதற்கு மேல் மெக்கானிக் வேலை. பிளக்கை கழற்றிவிட்டு என்ஜினை சுற்றி தண்ணீரை வெளியேற்றுவார். ஆயிலையும் பெட்ரோலையும் மாற்றுவார். பிறகு தான் ஸ்டார்ட்டர்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

வெள்ளத்தில் முழுகிய வண்டிக்கு முழு இன்சூரன்சில் நஷ்டஈடு உண்டு. ஆனால் தண்ணீர் புகுந்த என்ஜினை கிளப்பப் போய் உடைந்தால், "அது வெள்ளத்தால் வந்த சேதம் அல்ல; நீங்கள் அமுக்கியதால் வந்த சேதம்" என்று கம்பெனிகள் பொதுவாக கைவிரித்து விடும். அதற்கு 'என்ஜின் பாதுகாப்பு' என்று தனியாக கூடுதல் பணம் கட்டியிருக்க வேண்டும். கட்டியிருந்தாலும் அதில் உள்ள நிபந்தனைகளை படித்துக் கொள்ளுங்கள்.

ஆகவே வண்டியை நகர்த்தும் முன் தண்ணீர் நின்ற உயரம் தெரியும்படி நாலு போட்டோ எடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு தகவல் சொல்லுங்கள். வண்டியை ஏற்றிக்கொண்டு போக ஆளை கூப்பிடுங்கள்.

மழைக்கு முன் செய்ய வேண்டியது

புதுவையில் ஐப்பசி, கார்த்திகை என்றாலே புயல் மாதம். அதற்கு முன்பே மேடான இடம் ஒன்றை பார்த்து வைத்துக் கொள்ளுங்கள். எச்சரிக்கை வந்ததும் வண்டியை அங்கே கொண்டு போய் விடுங்கள்.

சீட்டுக்கு அடியில் இரண்டு பியூஸ், ஒரு பிளக், பிளக் ஸ்பானர், ஸ்குருடிரைவர், ஒரு பழைய துணி. இவ்வளவு இருந்தால் போதும். பாதி கோளாறை வாசலிலேயே தீர்த்துவிடலாம்.

மீதி பாதிக்கு மெக்கானிக் இருக்கிறார். அவரிடம் போகும்போது "வண்டி ஓடலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். மூன்றில் எந்த சத்தம் கேட்டது என்று சொல்லுங்கள். அவருக்கு நேரம் மிச்சம். உங்களுக்கு பணம் மிச்சம்!