பழைய கணினியை மாற்றுவதா, மராமத்துப் பார்ப்பதா?

வீட்டில் இருக்கும் பழைய கணினியில் வீடியோ தொகுக்க முடியவில்லை, என்ன வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிறவர்கள் அதிகம். தொலைக்காட்சியில் வருகிறவளுக்குக் கணினியும் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. பாதிதான் உண்மை. பலதுறைத் தொழிற்கல்லூரியில் நான் தொடர்புத்துறைப் பட்டயம் படித்த 2007, 2008ஆம் ஆண்டுகளில் மினி டிவி நாடாவில் படம்பிடித்து, அதைக் கணினியில் ஏற்றி வெட்டி ஒட்டித்தான் தொழில் பழகினோம். அந்த அனுபவத்தோடு, அண்மையில் என் தாய்மாமா வீட்டுக் கணினியோடு மல்லுக்கட்டிய கதையைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக் கணினிக்கும் அதில் விடை கிடைக்கலாம்.

மாமாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. வார நாள்களில் கணக்கர் வேலை, சனி ஞாயிறுகளில் கல்யாண வீடியோ. 2000ஆம் ஆண்டுகளில் சிராங்கூன் சாலைக் கோயில்களில் நடந்த கல்யாணங்கள் பலவற்றைப் பிடித்திருக்கிறார். ஈசூனில் உள்ள அவரது வீவக வீட்டில், காலணிப் பெட்டிகளுக்குள் எண்பது நாடாக்கள் இருக்கின்றன. கல்யாணங்களுக்கு நடுவே குடும்பக் காட்சிகளும் உண்டு. சென்ற ஆண்டு அத்தை காலமாகிவிட்டார். அவர் நடுவயதில் சிரித்துப் பேசுவதெல்லாம் அந்த நாடாக்களில்தான் இருக்கிறது. அதோடு பிள்ளைகள் பிற்காலத்தில் கைப்பேசியில் எடுத்தவற்றையும் சேர்த்து, முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குள் அரை மணி நேரப் படம் ஒன்று செய்ய வேண்டும் என்பது மாமாவின் ஆசை.

கணினி 2014ல் சிம் லிம் ஸ்குவேரில் வாங்கியது. நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5, 8 ஜிகாபைட் ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க். “நாடாப் படம் நல்லாத்தாம்மா ஓடுது. பிள்ளைங்க அனுப்புன படத்தைப் போட்டாத்தான் திக்குது. புதுசு வாங்கிடலாமா?” என்றார்.

நல்ல கேள்வி. ஏனென்றால் இதே கணினி ஒரு படத்தை ஓட்டுகிறது, இன்னொன்றை ஓட்ட மறுக்கிறது. கோப்பின் அளவு காரணமா என்றால், இல்லை. டிவி நாடாப் படம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 215 மெகாபைட். ஐபோனில் 4கே தரத்தில், விநாடிக்கு 30 ஃபிரேம் வீதம் எடுத்தால் நிமிடத்துக்கு 170 முதல் 190 மெகாபைட்தான். ஆக, சின்னக் கோப்புதான் திணற வைக்கிறது.

இரகசியம் அவை எழுதப்பட்ட விதத்தில் இருக்கிறது. டிவி நாடாவில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்து நிற்கும் முழுப் படம், ஆல்பத்தில் ஒட்டிய புகைப்படம் மாதிரி. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் உடனே தெரியும். கைப்பேசியோ மாமாவின் கணக்குப் பேரேடு மாதிரி எழுதுகிறது. முதல் வரியை முழுதாக எழுதிவிட்டு, அடுத்தடுத்த வரிகளில் ‘மேற்படி’, ‘மேற்படி’ என்று போட்டு, மாறியதை மட்டும் குறிக்கிறது. இடம் மிச்சமாகிறது. ஆனால் நாற்பதாவது வரியில் என்ன இருக்கிறது என்று அறிய மேலே போய்ப் படித்துக்கொண்டு வர வேண்டும். தொகுப்பவர் காட்சியை முன்னும் பின்னும் இழுக்கும் ஒவ்வொரு தடவையும் கணினி இந்த வேலையைச் செய்கிறது. போதாக்குறைக்கு 4கே படத்தின் புள்ளிகள் டிவி படத்தைப்போல் 20 மடங்கு.

ஐபோன்கள் 2017 முதல் எச்இவிசி என்ற முறையில் பதிகின்றன. புதிய பிராசசர்களில் அதைப் பிரித்துப் படிப்பதற்கென்றே தனிச் சுற்று இருக்கிறது. மாமாவின் நான்காம் தலைமுறையில் அந்த வசதி முழுமையாக இல்லை. எல்லாவற்றையும் பிராசசரே தலையில் சுமக்கிறது.

ஆகவே, எதையும் வாங்குமுன் பத்து நிமிடம் செலவிடுங்கள். உங்கள் சொந்தப் படத்தைத் தொகுப்பு மென்பொருளில் ஏற்றி ஓட்டிக்கொண்டே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ரேம் நிரம்பி வழிந்தால் ரேம் போடுங்கள். டிஸ்க் நூறு விழுக்காட்டில் நின்றால் எஸ்எஸ்டி மாற்றுங்கள். சுழலும் டிஸ்க் உள்ள கணினிக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. பிராசசர் நூறில் நின்றால்தான் யோசிக்க வேண்டும். மாமாவின் கணினியில் டிஸ்க்கும் பிராசசரும் சேர்ந்தே நின்றன.

பிராசசரை மட்டும் மாற்ற முடியாதா? மாற்றலாம், ஆனால் அந்த மதர்போர்டு ஏற்றுக்கொள்வதெல்லாம் அதே காலத்துப் பிராசசர்கள்தான். புதிய தலைமுறைக்குப் போனால் மதர்போர்டு மாற வேண்டும். மதர்போர்டு மாறினால் பழைய டிடிஆர்3 ரேம் பொருந்தாது. அதற்குப் பெயர் மராமத்து இல்லை. பழைய பெட்டிக்குள் புதுக் கணினி. அதுவும் 2025ன் கடைசி மாதங்களில் ரேம் விலை வேகமாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதுதான் காரணம். எனவே ரேம் விலையை விசாரிக்காமல் கணக்குப் போடாதீர்கள்.

விண்டோஸ் விஷயமும் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். இணையத்தில் வங்கிக் கணக்கு பார்க்கிற கணினியாக இருந்தால், மாற்றுங்கள் என்றே சொல்வேன். மாமா வங்கி வேலையைக் கைப்பேசியில் பார்ப்பவர். இந்தக் கணினியின் இணையக் கம்பியை உருவிவிட்டால் போதும்.

இவ்வளவும் பார்த்தபின் நானும் புதிதாக வாங்கச் சொல்லத்தான் இருந்தேன். தேக்காவில் மதிய உணவை முடித்துவிட்டு, சிம் லிமுக்கு நடந்தே போனோம். விசாரித்த கடையில் உடனே ஒரு புதிய கணினிக்கு விலை எழுதித் தந்தார்கள். மாமா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இதுல ஃபயர்வயர் இருக்கா?” கடைப்பையன் விழித்தான். எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

மினி டிவி கேமராவிலிருந்து படம் வரும் வழி ஃபயர்வயர்தான். இன்றைய கணினிகளில் அந்தத் துளை கிடையாது. ஆப்பிளும் 2025ல் வெளியிட்ட மேக் ஓஎஸ் 26ல் அந்த ஆதரவை எடுத்துவிட்டது. மாமாவின் பழைய பெட்டியிலோ ஃபயர்வயர் அட்டை பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டிருந்தால் எண்பது நாடாவும் வெறும் பிளாஸ்டிக். திருமண வீடியோ எடுத்த குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். பழைய கணினியைக் கழிக்குமுன் அதன் பின்பக்கத்தை ஒரு தடவை பாருங்கள்.

கடைசியில் நாங்கள் வாங்கியது ஓர் எஸ்எஸ்டி, பழைய டிடிஆர்3 ரேம் இன்னொரு 8 ஜிகாபைட், வெளியே செருகும் இரண்டு டிஸ்க்குகள். ரேம் கைமாறியது. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள எலுமிச்சைச் சட்டம் பழைய பொருளுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் கேட்கலாம். இரசீதை மட்டும் தொலைக்காதீர்கள்.

கைப்பேசிப் படங்களுக்கு ‘பிராக்ஸி’ முறை. அதாவது ஒவ்வொரு படத்துக்கும் சிறிய, எளிதில் ஓடக்கூடிய நகல் ஒன்றைக் கணினியே செய்துகொள்ளும். நகலை வைத்துத் தொகுத்துவிட்டு, கடைசியில் மூலப்படத்திலிருந்து முழுத் தரத்தில் வெளியே எடுக்கலாம். ஷாட்கட் என்ற இலவச மென்பொருளில் இந்த வசதி இருக்கிறது. நகல் தயாராக நேரம் பிடிக்கும். இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். அரை மணி நேரப் படம் ஒன்றுக்கு இது தாராளம். வாரந்தோறும் 4கே படம் தொகுத்து யூடியூபில் போடுகிறவருக்கு இந்தப் பாடு தேவையில்லை. அவர் புதிதோ, அலுவலகங்கள் கழித்த பன்னிரண்டாம் தலைமுறைக் கணினியோ வாங்கிக்கொள்வது நல்லது. கூடவே பழையதைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்பாதீர்கள். 2021 ஜூலை 1 முதல் மின்கழிவுக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. பெரிய மின்பொருள் கடைகளிலேயே சேகரிப்புப் பெட்டி உண்டு. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் முதலில் கழற்றிக்கொள்ளுங்கள்.

மாமா இப்போது நாடாக்களை ஏற்றிக்கொண்டிருக்கிறார். இதில் குறுக்கு வழி கிடையாது. ஒரு மணி நேர நாடா ஏறுவதற்கு ஒரு மணி நேரம், 13 ஜிகாபைட். எண்பதும் சேர்ந்தால் ஒரு டெராபைட்டைச் சற்றே தாண்டும். அதனால்தான் 2 டெராபைட் டிஸ்க் இரண்டு. ஒன்று அவர் வீட்டில், மற்றொன்று என் வீட்டில். பல வருடம் அசையாமல் கிடந்த நாடாவை ஓட்டுமுன் கடைசிவரை ஒரு தடவை சுற்றி, திரும்பவும் சுற்றிவிட வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை தெரிகிற நாடாவைக் கேமராவில் போடவே கூடாது, அது தலையைக் கெடுத்துவிடும். அப்படி நான்கு நாடாக்களைத் தனியே எடுத்து வைத்திருக்கிறார், துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் கொடுப்பதற்கு.

போன வாரம் இரவு பத்தரைக்குத் தொலைபேசியில் அழைத்தார். பதினேழாவது நாடா ஓடிக்கொண்டிருந்தது. யாருடைய கல்யாணமோ, பின்னணியில் நாதசுவரம். அதற்கு மேலே, கேமராவை இறக்கிவிட்டுச் சாப்பிட வரச்சொல்லி அத்தை அவரை அதட்டுகிற சத்தம். “கேக்குதாம்மா?” என்றார் மாமா.

நன்றாகக் கேட்டது.