காணாமற்போனோர் பதிவேடும் தரவுத்தளத்தின் கடமையும்

2005ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆம் திகதி கத்ரீனா சூறாவளி ஐக்கிய அமெரிக்காவின் தென்கரையைத் தாக்கியதைத் தொடர்ந்து நியூ ஓர்லியன்ஸ் நகரின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. சிதறிப்போன உறவுகளைத் தேடியோர் இணையத்தை நாடினர். ஆனால், ஊடக நிறுவனங்களும் தொண்டர் அமைப்புகளும் தனித்தனியே பட்டியல்களை வைத்திருந்தன. மகனைத் தேடும் தாயின் பதிவு ஒரு தளத்திலும், தாம் நலமாக இருப்பதாக மகன் இட்ட பதிவு வேறொரு தளத்திலும் இருந்தால், இரண்டும் ஒன்றையொன்று அறிவதற்கு வழியிருக்கவில்லை.

இக்குறையைப் போக்க அதே ஆண்டு செப்டெம்பரில் தன்னார்வ மென்பொருளாளர்கள் உருவாக்கிய பொது வடிவமே பீ.எஃப்.ஐ.எஃப். ஆகும். அது எக்ஸ்.எம்.எல். என்னும் குறிமொழியில் அமைந்தது. 1998இல் நியமமாக்கப்பட்ட எக்ஸ்.எம்.எல்., ஒவ்வொரு தகவலுக்கும் முன்னும் பின்னும் அதன் பெயரைக் குறியாக இடுகிறது. ஒரு தகவலுக்குள் மற்றொன்றை அடுக்கவும் அது இடமளிக்கிறது. இவ்வடிவத்தில் ஒவ்வொரு நபருக்கும் ஒரு பதிவு இருக்கும். அந்நபரைப் பற்றிப் பிறர் தரும் குறிப்புகள் எத்தனை வந்தாலும் அப்பதிவுடன் இணைக்கப்படும்.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. உலகின் பெரும்பாலான அலுவலகத் தகவல்கள் தொடர்புசார் தரவுத்தளங்களிலேயே சேமிக்கப்படுகின்றன. 1970இல் ஐ.பீ.எம். நிறுவன ஆய்வாளர் எட்கர் கொட் முன்வைத்த இம்முறையில், தகவல்கள் நிரைகளும் நிரல்களும் கொண்ட அட்டவணைகளில் ஒழுங்காக அமர்கின்றன. எக்ஸ்.எம்.எல். ஆவணமோ கிளைவிடும் மரத்தைப் போன்றது. மரத்தை அட்டவணைக்குள் வைப்பது எங்ஙனம்?

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, ஆவணத்தை வெறும் எழுத்துத் தொகுதியாக அப்படியே சேமிப்பது. எதுவும் இழக்கப்படாது. ஆயினும், ஒரு பெயரைத் தேட ஒவ்வோர் ஆவணத்தையும் பிரித்துப் படிக்க வேண்டும். இரண்டாவது, ஆவணத்தைத் துண்டுகளாக்கி நபர், குறிப்பு என அட்டவணைகளில் இடுவது. தேடல் விரைவாகும். ஆனால், நிரல் ஒதுக்கப்படாத தகவல் வெளியே விழுந்துவிடும். மூன்றாவது, எக்ஸ்.எம்.எல். ஆவணத்தையே ஒரு நிரலின் பெறுமதியாக ஏற்று, அதனுள்ளே நுழைந்து வினவுவது. எஸ்.கியூ.எல். நியமம் 2003இல் இதற்கு இடமளித்து, 2006இல் அதனை விரிவாக்கியது. ஒரக்கிள், டீ.பீ.2, எஸ்.கியூ.எல். சேவர், போஸ்ட்கிரெஸ் ஆகியன இவ்வசதியைத் தம் பாணியில் வழங்குகின்றன. ஆவணக் கிளைகளைத் தற்காலிக நிரைகளாக விரித்து, ஏனைய அட்டவணைகளுடன் பொருத்திப் பார்க்கவும் இவற்றுட் பலவற்றில் இயலும்.

இவ்வசதியின் பெறுமதியை ஒரு வினவல் உணர்த்தும். "ஒரே நபர் உயிருடன் இருப்பதாக ஒரு குறிப்பும், இறந்துவிட்டதாக மற்றொரு குறிப்பும் உள்ள பதிவுகள் எவை?" கடைசியாகக் கிடைத்த நிலையை மட்டும் ஒரு நிரலில் எழுதி, பழையதை அழித்துவிடும் பதிவேட்டால் இதற்கு விடை கூற முடியாது. யார், எப்போது, எங்கிருந்து கூறினார் என்பதைக் குறிப்புதோறும் காக்கும் பதிவேட்டால் முடியும். அனர்த்த வேளையில் தகவல்கள் முரண்படுவது இயல்பு. அம்முரணை மறைக்காது காட்டுவதே குடும்பங்களுக்குச் செய்யும் நேர்மையாகும்.

பெயர்கள் மற்றொரு சோதனையாகும். முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற மேலைநாட்டுப் பிரிப்பு தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொருந்துவதில்லை. தமிழரின் முன்னெழுத்து பெரும்பாலும் தந்தையின் பெயரைக் குறிப்பது. முஹம்மத் என்ற பெயரோ முகம்மது, மொஹமட் எனப் பலவாறு எழுதப்படுகிறது. எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்க்கும் வினவல், உயிருடன் இருப்பவரையே "இல்லை" என்று கூறிவிடக்கூடும். பீ.எஃப்.ஐ.எஃப். வடிவத்தின் பிந்திய பதிப்புகள் முழுப்பெயரையும் மாற்றுப் பெயர்களையும் ஏற்றமை இவ்வகையில் முக்கியமானது. 2010 ஜனவரியில் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போது கூகிள் தொடங்கிய ஆட்தேடல் சேவையும் இவ்வடிவத்தையே பயன்படுத்தியது.

இலங்கைக்கும் இதில் பங்குண்டு. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலை இந்நாட்டில் 30 ஆயிரத்துக்கும் அதிகமான உயிர்களைக் காவுகொண்ட வேளையில், உள்ளூர் மென்பொருளாளர்கள் தன்னார்வமாக உருவாக்கிய சஹானா, காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள் ஆகியவற்றின் விபரங்களைத் தொடர்புசார் தரவுத்தளத்தில் ஒழுங்குபடுத்தியது. பின்னர் அது வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது.

இன்று தகவற் பரிமாற்றத்தில் எக்ஸ்.எம்.எல். வகித்த இடத்தின் பெரும்பகுதியை ஜேசன் என்னும் எளிய வடிவம் பெற்றுள்ளது. எஸ்.கியூ.எல். நியமமும் 2016இல் அதனை உள்வாங்கியது. வடிவம் மாறினும் விதி மாறவில்லை. வந்த ஆவணத்தை மூலத்துடன் முழுமையாகப் பேண வேண்டும். தேடலுக்குத் தேவையானவற்றை அதிலிருந்து பிரித்து நிரல்களில் வைக்க வேண்டும். தேவை முடிந்ததும் தனிநபர் விபரங்களை நீக்கும் திகதியையும் குறித்துவைக்க வேண்டும். இவற்றை அனர்த்தம் வந்த பின்னர் தீர்மானிக்க அவகாசம் கிடைப்பதில்லை. மாவட்டச் செயலகங்களும் வைத்தியசாலைகளும் தொண்டர் அமைப்புகளும் ஒரே வடிவத்தில் பதிவதற்கு அமைதியான காலத்திலேயே உடன்பட்டிருப்பின், அடுத்த முறை ஒரு தாயின் தேடலும் மகனின் அறிவிப்பும் ஒன்றையொன்று கண்டுகொள்ளும்.