தீபாவளிக்குப் பத்துக்கு ஐந்து

எங்கள் பக்கம் போர் போட வருகிறவரிடம் எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று கேட்டுப்பாருங்கள். அடித்துச் சொல்ல மாட்டார். "அடிக்கு இவ்வளவு ரேட்டுங்க. கேசிங் பைப்பு தனி. பக்கத்துக் கொல்லையில இத்தனை அடியில வந்துச்சு, நமக்குக் கூடக் குறைய ஆகலாம்" என்பார். அவருக்குத் தொழில் தெரியாது என்று கங்கைகொண்ட சோழபுரத்தில் யாரும் சொன்னதில்லை. மண்ணுக்குள் இருப்பது துளை போட்டால்தான் தெரியும். கேட்கிறவருக்கும் அது தெரியும்.

இதே ஊரில் மாடி அறையில் உட்கார்ந்து சென்னை நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதும் எனக்கு அந்தச் சலுகை இல்லை. "எப்ப முடியும்?" என்றால் ஒரு தேதி வேண்டும். அதுவும் இன்றைக்கே.

மென்பொருளில் நாள் கணக்கு ஏன் இப்படி நழுவுகிறது? ஒருமுறை எழுதியதை நகலெடுக்கச் செலவே இல்லை. ஆகவே பழகிய பகுதிக்கு நேரம் ஆவதில்லை. இதுவரை யாரும் நமக்காகச் செய்யாத பகுதிதான் வேலையாக மிஞ்சும். ஒரு கடையின் பழைய கணக்கைப் புதிய செயலிக்கு மாற்றுகிறோம் என்று வையுங்கள். திரை வடிவமைக்க எத்தனை நாள் என்று ஓரளவு சொல்லிவிடுவேன். ஆனால் பழைய பட்டியலில் ஒரே வாடிக்கையாளர் நாலு விதமான எழுத்துக்கூட்டலில், மூன்று வேறு போன் நம்பரோடு இருப்பார். அவர் ஒருவரா நால்வரா என்பதைக் கண்டுபிடிக்க எத்தனை நாள்? வங்கியின் அனுமதிக் கடிதம் என்றைக்கு வரும்?

அமெரிக்கப் பொறியாளர் பேரி போம் 1981இல் எழுதிய நூலில் இதற்கு ஒரு படம் வரைந்தார். திட்டம் வெறும் யோசனையாக இருக்கும்போது சொல்லும் மதிப்பீடு, கடைசியில் நாலு மடங்காகவும் ஆகலாம், நாலில் ஒரு பங்காகவும் சுருங்கலாம். வேலை நகர நகர இடைவெளி ஒடுங்கும். பக்கவாட்டில் படுத்த கூம்பு மாதிரி இருக்கும் அந்தப் படம். வானிலை ஆய்வு மையம் புயலுக்குக் காட்டும் வரைபடத்திலும் அது போன்ற கூம்பு உண்டு. 2018இல் கஜா புயல் கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே கரையைக் கடக்கும் என்றார்கள். நவம்பர் 16 அதிகாலை அது நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கடந்தது. முதல் நாளே ஓர் ஊர்ப் பெயரைச் சொல்லியிருந்தால் மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

வருமான வரித் துறையின் புதிய இணையதளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 4,242 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தபோது, 18 மாதத்தில் கட்டி முடித்து மூன்று மாதம் சோதித்துத் திறப்போம் என்றார்கள். திறந்தது 2021 ஜூன் 7. நடுவே கொரோனா வந்தது. அதை யாரும் கணித்திருக்க முடியாது. திறந்த பின்னும் கோளாறு தீரவில்லை. ஆகஸ்டில் நிதியமைச்சர், தளத்தைக் கட்டிய இன்ஃபோசிஸின் தலைமைச் செயல் அதிகாரியை நேரில் அழைத்து செப்டம்பர் 15 வரை கெடு வைத்தார். கெடு என்பது வேண்டுகிறவரின் தேவை. கணிப்பு என்பது செய்கிறவரின் அறிவு. இரண்டும் ஒரே தேதியாக அமைந்தால் அதிர்ஷ்டம். எங்கள் தொழிலில் பாதிச் சண்டை, முதலாவதை இரண்டாவது என்று நினைப்பதால் வருவது.

தேதி விஷயத்தில் எங்கள் வட்டாரம் சூடுபட்டதும்கூட. ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரி மின்திட்டத்துக்கு 1990களில் நிலம் எடுத்தார்கள். கடைசியில் திட்டமே கைவிடப்பட்டது. இங்கே வளர்ந்தவர்களிடம் வெறும் தேதியைச் சொன்னால் சிரிப்பார்கள்.

சரி, தெரியாததை எப்படித்தான் சொல்வது? "மூன்றிலிருந்து ஐந்து மாதம்" என்றால் கேட்பவர் காதில் மூன்று மட்டும் விழும். ஐந்து, நாம் சோம்பலுக்கு ஒதுக்கியதாகத் தோன்றும். ஆகவே நான் வாய்ப்பையும் சேர்த்தே சொல்கிறேன், தூரத்துத் தேதியை முதலில் வைத்து. ராஜேந்திர சோழன் பிறந்த நாளான ஆடித் திருவாதிரை முடிந்து தொடங்கும் வேலை என்றால், "பொங்கலுக்குள் முடியப் பத்துக்கு ஒன்பது வாய்ப்பு. தீபாவளிக்குள் என்றால் பத்துக்கு ஐந்து. இழுப்பது பழைய கணக்கும் வங்கிக் கடிதமும். ஆயுத பூஜை சமயத்தில் இன்னும் நெருக்கிச் சொல்கிறேன்."

இந்த எண்கள் ஜோசியம் அல்ல. முந்தைய வேலைகளில் என்ன சொன்னோம், எப்போது முடித்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பத்துக்கு ஒன்பது என்று சொன்னவற்றில் பாதிதான் அந்த நாளுக்குள் முடிந்திருந்தால், என் ஒன்பதுக்கு மதிப்பு ஐந்துதான். நோட்டு இல்லாமல் வாய்ப்புச் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

முதலில் மேலாளருக்கு இது பிடிக்காது. "ஒரே தேதியா சொல்லும்மா" என்பார். கொஞ்ச நேரம் கழித்து வேறு கேள்வி வரும்: "தீபாவளிக்குப் பத்துக்கு எட்டு வரணும்னா எதை விடணும்?"

"பழைய கணக்குல கடைசி ரெண்டு வருஷத்தை மட்டும் இப்ப எடுத்துக்குவோம் சார். மீதியைப் பொங்கலுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்."

"ரெண்டு பத்தாது, ஆடிட்டர் மூணு வருஷம் கேப்பார்."

மூன்று என்றால் பத்துக்கு ஏழு என்றேன். சரி என்றார்.