முதியோரும் பொருட்குவியலும்

வேண்டும் பொருளைச் சேமித்து வைத்தல் நற்குணமென்றே நாம் மாணாக்கர்க்குக் கற்பிக்கின்றோம். ஆயின் எப்பொருளையும் எறிய மனம் ஒருப்படாது, கட்டிலும் அடுப்பும் மறையுமாறு குவித்து வாழ்வோரும் நம்மிடையே உளர். அயலார் அவரைக் கஞ்சர் என்றும் சோம்பேறி என்றும் இகழ்வர். அஃது ஒரு நோயென அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013 ஆம் ஆண்டிலே தனித்து வகுத்தது. 2022 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அஃது இடம்பெற்றுளது.

எம் பெரியம்மா 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளில் நாவலடி வீட்டை இழந்து, பின் திராய்மடுவில் மகளின் வளவிலே தனிக்குடிலொன்றில் வாழ்பவர். வெறும் போத்தல், பால்மாப் பேணி, கிழிந்த தறப்பாள், பழைய பத்திரிகை என அக்குடில் கூரைமட்டும் நிறைந்தது. இழப்பே காரணமென யான் துணிந்தேன். தங்கையோ, “கடல் வாறதுக்கு முந்தியும் அம்மா இப்பிடித்தான் அண்ணா” என்றாள். அவள் கூற்றிலும் உண்மையுண்டு. துயர நிகழ்ச்சிகள் இந்நோயை மிகுவிக்கலாம்; எனினும் வறுமையும் இழப்பும் மட்டுமே அதன் வேரல்ல.

1947 இல் நியூயோர்க்கில் இறந்த கொலியர் சகோதரர் மருத்துவர் ஒருவரின் மக்கள். மூத்தவர் ஹோமர் பார்வையிழந்து முடங்கியவர். அவரைப் பேணிய இளையவர் லாங்லி, அண்ணன் மீண்டும் பார்வை பெற்றால் வாசிப்பாரென ஆண்டுக்கணக்காகப் பத்திரிகைகளைச் சேர்த்தவர். குவியல் சரிந்து தம்பி மாண்டார். உணவளிப்பாரின்றி அண்ணனும் மாண்டார். நூறு தொன்னுக்கு மேற்பட்ட பொருள் அவ்வீட்டிலிருந்து அகற்றப்பட்டது.

பெரியம்மாவை நீரிழிவும் மூட்டுவாதமும் வருத்தின. ஒருநாள் அவர் கிளினிக்குக்குச் சென்றிருந்த வேளை, யானும் மருமக்களும் உழவு இயந்திரப் பெட்டி நிறைய அள்ளி அகற்றினோம். திரும்பி வந்தவர் ஒன்றும் பேசிலர். மருந்தை மட்டும் உட்கொண்டு உணவை ஒறுத்தமையால் மறுநாள் மயங்கி வீழ்ந்து வைத்தியசாலை புகுந்தார். சில திங்களிற் குடில் முன்போலாயிற்று. என்னைத்தான் படலைக்குள் விட்டாரில்லை. எழுத நாணுகின்றேன். ஆயினும் நன்மையெனக் கருதிப் பலரும் இதனையே செய்கின்றனர்.

பின்னர் மனநலத் தாதி ஒருவர் எமக்கு வேறு வழி காட்டினார். துப்புரவைக் கேளாதீர், நடைவழியைக் கேளுங்கள் என்றார். கட்டிலிலிருந்து மலசலகூடம் வரை தடுக்கி விழாத பாதை. அடுப்பைச் சூழக் கடதாசி இன்மை. மாரியில் நீர் தேங்கி நுளம்பு பெருகாவண்ணம் பேணிகளைக் கவிழ்த்தல். மருந்துக்கு மாறாத ஓரிடம். இவ்வளவே முதலில் வேண்டுவன. எதனை எறிவது என்பதைப் பொருளுக்குரியவரே தம் கையாற் பிரித்துச் சொல்ல வேண்டும். ஒரு வாரத்துக்கு ஒரு சாக்கு நிறைந்தாலும் பெரிது.

இளமையில் இல்லாத இவ்வழக்கம் முதுமையில் திடீரெனத் தோன்றுமாயின் மறதிநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். வைத்தியரிடம் காட்டத் தாமதித்தல் கூடாது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். பேணுவோரின் களைப்பை நாம் எண்ணுவதேயில்லை. தங்கை ஈராண்டாக ஓரிரவும் வெளியே தங்கியதில்லை.

இப்போது சனிக்கிழமைதோறும் அவளுக்குப் பதிலாக யான் செல்கின்றேன். பேணிகள் பெரிதாகக் குறையவில்லை. மருந்து நேரத்துக்கு உட்கொள்ளப்படுகின்றது. சென்ற மாரியில் பெரியம்மா ஒருமுறையும் விழவில்லை.