1,000 மணி நேரத்துக்கு யார் பணம் கட்டுகிறார்கள்?

அமெரிக்காவில் மத்திய அரசின் கல்வி உதவி கேட்டு நிரப்ப வேண்டிய ஃபாஃப்சா விண்ணப்பத்துக்கு, நடப்புக் கல்வியாண்டின் கடைசி நாள் ஜூன் 30. அந்தத் தேதி நெருங்க நெருங்க, அழகுக்கலைப் பள்ளியில் சேர நினைக்கும் வாசகிகளின் கடிதங்களில் ஒரே சந்தேகம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. 2026 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வரும் குறுகிய காலப் பயிற்சிக்கான புதிய பெல் உதவித்தொகை (ஏழை மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் நிதி) அழகுக்கலைப் படிப்புக்குக் கிடைக்குமா?

கிடைக்காது. அது 150 முதல் 599 மணி நேரம் வரையுள்ள பயிற்சிகளுக்கு மட்டும். முடி, முகம், நகம் மூன்றையும் கற்றுத்தரும் முழுப் படிப்பு எந்த மாநிலத்திலும் அதைவிட நீளம் என்பதால், பழைய பெல் உதவித்தொகையின் கீழேயே வருகிறது. ஆண்டுக்கு அதிகபட்சம் 7,395 டாலர், மீதிக்குக் கடன்.

ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இத்தனை மணி நேரம் எதற்கு?

மணிக்கணக்கை வகுப்பது மாநில அரசு. நியூயார்க்கில் 1,000. டெக்சாஸ் 2021-இல் 1,500-ஐ 1,000 ஆக்கியது. கலிபோர்னியா மறு ஆண்டே 1,600-ஐ 1,000 ஆக்கியது. அயோவாவில் 2023 வரை 2,100 மணி நேரம் இருந்தது, இப்போது 1,550. ஆம்புலன்ஸில் வரும் அவசர மருத்துவ உதவியாளரின் அடிப்படைப் பயிற்சியோ 150 முதல் 200 மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. பொதுமக்கள் பாதுகாப்புக்காகவே இந்த விதி என்று சொல்லும் உரிம வாரியங்கள் இந்த வித்தியாசத்துக்குத் திருப்தியான காரணம் சொன்னதில்லை.

இங்கே எல்லாமே மணிக்கணக்கில்தான் ஓடுகிறது. மாணவி காலையில் வருகைக் கருவியில் பதிகிறாள். சாப்பாட்டு இடைவேளைக்கு வெளியே போகும்போது மறுபடி பதிகிறாள். அந்த மணிகள் சேர்ந்தால்தான் உரிமத் தேர்வு எழுத முடியும். அந்த மணிகள் சேரச் சேரத்தான் மத்திய அரசின் உதவித்தொகையும் கடனும் தவணை தவணையாகப் பள்ளிக்கு வருகின்றன. பெரும்பாலும் 450 மணி நேரத்துக்கு ஒரு தவணை. வேகமாகக் கற்றுக்கொள்பவளை 700 மணி நேரத்தில் தேர்வுக்கு அனுப்பிவிட இந்த ஏற்பாட்டில் யாருக்கும் வழியில்லை. அனுப்புவதில் பள்ளிக்கு லாபமும் இல்லை.

பொருளியலாளர்கள் ஸ்டெஃபனி செலினியும் கிளாடியா கோல்டினும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில்தான் கைவைக்கிறது. ஒரே மாதிரிப் படிப்பை நடத்தும் லாப நோக்குப் பள்ளிகளை அவர்கள் ஒப்பிட்டார்கள். மத்திய உதவி பெறத் தகுதியுள்ள பள்ளிகளில் கட்டணம், தகுதியில்லாத பள்ளிகளைவிட ஏறத்தாழ 78 சதவீதம் அதிகமாக இருந்தது. அந்தக் கூடுதல் தொகை, மாணவர்களுக்குக் கிடைத்த உதவித்தொகை, கடன் சலுகை ஆகியவற்றின் மதிப்பை ஒட்டியே இருந்தது. ஏழை மாணவிக்கென்று அரசு தந்த பணம் அவள் கையில் நிற்கவில்லை.

அடுத்தது இன்னும் உறுத்துவது. சில நூறு மணி நேரம் பொம்மைத் தலையில் பழகிய பிறகு, மாணவி பள்ளிக்குள்ளேயே நடக்கும் சலூனுக்கு வருகிறாள். அங்கே உட்காருபவர் காசு கொடுக்கும் வாடிக்கையாளர். கடைகளைவிட மலிவு என்பதால் வருகிறார்; அந்தக் காசு பள்ளிக்குப் போகிறது. மாணவிக்குச் சம்பளம் கிடையாது. 16,000 டாலர் கட்டி 1,500 மணி நேரம் படிப்பவள், அங்கே நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் 10 டாலருக்கு மேல் தானே கொடுக்கிறாள். வாடிக்கையாளர் வராத மதியங்களில் துண்டு மடிப்பதும் தரை கூட்டுவதும்கூட மணிக்கணக்கில் சேர்கின்றன.

சம்பளம் கேட்டு மாணவிகள் நீதிமன்றம் போனார்கள். பயிற்சியின் முதன்மைப் பயன் மாணவர்களுக்கே, எனவே அவர்கள் ஊழியர்கள் அல்லர் என்று 2017-இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூட்டுவது, துவைப்பது போன்ற வேலைகளைத் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும் என்று 2020-இல் ஆறாவது வட்டார நீதிமன்றம் சொன்னது. அந்த வழியாவது திறந்திருப்பது நல்லது.

உடம்பு சரியில்லாமலோ குழந்தையைப் பார்த்துக்கொள்ளவோ விடுப்பு எடுத்து, ஒப்பந்தத் தேதிக்குள் மணிகள் முடியாவிட்டால் பல பள்ளிகள் ஒவ்வொரு கூடுதல் மணிக்கும் தனிக்கட்டணம் வசூலிக்கின்றன. ஒப்பந்தத்தில் முதலில் படிக்க வேண்டிய வரி இதுதான்.

சம்பாத்தியம்? தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2024 கணக்குப்படி சிகை, அழகுக்கலைஞர்களின் இடைநிலைக் கூலி மணிக்கு 17 டாலரை ஒட்டி இருக்கிறது. டிப்ஸ் கணக்கில் வராததால் உண்மை வருமானம் மிக அதிகம் என்பது பள்ளிகளின் வாதம். செலினியும் கேத்ரின் பிளாஞ்சார்டும் 2022-இல் ஆராய்ந்தபோது, கணக்கில் காட்டாத டிப்ஸ் வருமானத்தில் 8 சதவீதம் அளவுக்கே வந்தது. அழகுக்கலைத் தொழிலாளர்களுக்கும் டிப்ஸ் மீது வரிக்கழிவு தரும் 2025 சட்டம், கணக்கில் காட்டிய டிப்ஸுக்கு மட்டுமே பொருந்தும். இனி மறைப்பதில் ஆதாயம் குறைவு.

பள்ளி 'அங்கீகாரம் பெற்றது' என்ற விளம்பரத்துக்கும் வருமானத்துக்கும் சம்பந்தமில்லை. இத்துறையின் முக்கிய அங்கீகார அமைப்பான நாகாஸ் எதிர்பார்ப்பது, 50 சதவீதத்தினர் படிப்பை முடிக்க வேண்டும், 60 சதவீதத்தினருக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பவை போன்ற அளவுகளைத்தான். அந்த வேலையில் என்ன கூலி என்று அது கேட்பதில்லை.

நம்மவர்கள் அதிகம் செய்யும் த்ரெட்டிங்கிற்கு மட்டும் டெக்சாஸில் விடிவு வந்தது. நூலால் புருவம் திருத்த 750 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்று அந்த மாநிலம் அபராதம் விதித்து வந்தது. அஷிஷ் பட்டேலும் சக தொழிலாளர்களும் தொடுத்த வழக்கில், 2015 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டாயத்தை ரத்து செய்தது. 750-இல் 320 மணி நேரம் வரை இந்த வேலைக்குச் சம்பந்தமே இல்லாதவை என்பது தீர்ப்பின் முக்கியக் காரணம்.

மற்றக் கேள்விகள்:

எச்-4 விசாவில் இருப்பவருக்குப் பெல் உண்டா? இல்லை, பொதுவாகக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும்.

ஊரில் படித்த பயிற்சி கணக்கில் சேருமா? மாநிலத்துக்கு மாநிலம் மாறும்; சேருவதற்கு முன்பே உரிம வாரியத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மலிவான வழி உண்டா? அரசு சமுதாயக் கல்லூரிகளில் இதே உரிமத்துக்கான படிப்பைப் பாருங்கள். கட்டணம் பெரும்பாலும் தனியாரைவிடக் குறைவு.

பாதியில் விட்டால்? உதவித்தொகையில் ஒரு பகுதி திரும்பிப் போகலாம். அதுவரை எடுத்த கடன் உங்கள் பெயரிலேயே இருக்கும்.